தூங்கத் தெரிந்த நெல்

காட்டுக் குளத்தின் கரையில் எலிகள் நெல் விளைவித்து வாழ்ந்தன. விதையைச் சேற்றில் ஊன்றும். கதிர் முற்றியதும் கடித்துச் சாய்த்து வளைக்குள் அடுக்கும்.

ஊன்றுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. விதைகளை ஈரப்பாசியின் மேல் பரப்பிவைக்கும். உடனே முளைவிட்டவை வயலுக்கு. முளைக்காமல் கிடந்தவற்றுக்குச் சோம்பேறிகள் என்று பெயர். அவற்றை உருட்டிக்கொண்டுபோய்ப் புற்றோரம் கொட்டிவிட்டு ஓடிவரும். புற்றில் சாரைப்பாம்பு குடியிருந்தது. வேண்டாததைக் கொட்ட அதைவிட நல்ல இடம் எது?

சோம்பேறிகளைப் பொறுக்குவதில் நுணா என்ற பெண் எலிக்கு நிகரில்லை. "நம்ம நுணா கண்ணுல ஒண்ணு தப்பாது!" என்று எலிகளின் தலைவன் தாடையன் எல்லார் முன்னாலும் சொல்லும். நுணா மீசையைத் தடவிக்கொள்ளும்.

தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடந்தது. கடைசியில் பொறுக்குவதற்கே ஒன்றும் இல்லாமல் போயிற்று. எல்லா விதையும் ஈரம் பட்டதும் ஒன்றாக முளைத்தது.

அந்த ஆண்டு அறுவடை முடிந்து அறைகள் நிரம்பியிருந்தன. காலம் தவறி ஒரு மழை பெய்தது. ஈரம் மெல்ல வளைக்குள் இறங்கியது. கண் திறக்காத குட்டிகளுக்கு நுணா பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

சுவருக்கு அப்பால் 'டிக்' என்று ஒரு சத்தம்.

நுணா காதைத் திருப்பியது. மறுபடியும் 'டிக்'. பிறகு இங்கே, அங்கே, எல்லா அறைகளிலும். உமிகள் வெடித்துக்கொண்டிருந்தன. விடியும்போது சுவரைத் துளைத்துக்கொண்டு வெள்ளை முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று குட்டியின் வயிற்றைத் தொட்டது. நுணா அதைக் கடித்துத் துப்பியது. அடுத்தது வந்தது.

"விதை முழுக்க முளைச்சுப்போச்சு!" என்று எலிகள் அலறின. தின்ன முடிந்த மட்டும் தின்றன. மிச்சத்தை இழுத்துப்போய் வயலில் நட்டன. மழை நின்று வெயில் ஏறியது. நட்டது கருகியது. வளையில் கிடந்தது அழுகி நாறியது.

"கோரைக்கிழங்கைக் கொறிச்சு இப்போதைக்கு உசிரோட இருக்கலாம்" என்றது தாடையன். "மழைக்காலம் வந்தா எதை ஊன்றுறது?"

நுணாவின் மடியில் பால் வற்ற ஆரம்பித்திருந்தது.

புற்றடி மண்ணில் ஒரு சொறித்தவளை புதைந்து தூங்குவது வழக்கம். கெட்ட நேரத்தில் பெய்த அந்த மழை அதையும் எழுப்பிவிட்டிருந்தது. அது வளைவாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தது.

"என்ன வீட்டுல இவ்வளவு நாத்தம்?"

"கேலி பண்ணாதீங்க அண்ணே" என்றது நுணா. "நல்ல விதையாத்தானே பார்த்துப் பார்த்து எடுத்தோம்!"

"தங்கச்சி, ஒவ்வொரு மணிக்குள்ளயும் ஒரு நூல்கண்டு இருக்கு. தாய் கொடுத்த இழை ஒண்ணு, தகப்பன் கொடுத்த இழை ஒண்ணு. எப்போ முளைக்கணும், எப்போ பூக்கணும், எப்போ தூங்கணும், எல்லாம் அதுல முடிச்சு முடிச்சா கிடக்கு. சில முடிச்சு பல வருஷம் சும்மாவே கிடக்கும். தூங்குற முடிச்சு இருந்த மணியையெல்லாம் நீங்க வெளியே தள்ளிட்டீங்க. உங்க நெல்லுக்குத் தூங்கவே தெரியாமப் போச்சு."

"நாங்க தள்ளினது?"

"என் படுக்கை ஓரமா மண்ணுக்குள்ள கிடக்கு. அங்கேயே முளைச்சு, அங்கேயே உதிர்ந்து, மறுபடியும் தூங்குது."

எலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. புற்று!

"நான் போறேன்" என்றது நுணா. தன் குரலில் இருந்த பயம் அதற்கே பிடிக்கவில்லை. "நானும் வர்றேன்" என்றது தாடையன். "தலைவன் போகலேன்னா நாளைக்கு யார் மதிப்பாங்க?"

"பாம்பு வந்தா அசையாதீங்க" என்றது தவளை. "அசைஞ்சா முடிஞ்சது."

நண்பகலில் இரண்டும் போயின. புற்றடியில் நுணா மண்ணைத் தோண்டியது; தாடையன் சற்றுத் தள்ளிக் காவல் நின்றது. மண்ணுக்குள் கறுத்த, மெலிந்த நெல்மணிகள் கிடந்தன. வாய் நிறைய அள்ளியது. அப்போது பின்னால் சருகு நொறுங்கும் ஓசை கேட்டது.

அந்த ஓசை நெருங்கியது. நுணா தோண்டிய குழியில் அப்படியே படுத்துக்கொண்டது. வாலை இழுக்கவில்லை. மூச்சை விடவில்லை. அதன் முதுகை உரசிக்கொண்டு குளிர்ந்த உடம்பு ஒன்று நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. அதற்கு முடிவே இல்லைபோல் இருந்தது.

"ஓடு நுணா! ஓடு!" என்று கத்திக்கொண்டு தாடையன் பாய்ந்தது.

ஒரே ஒரு கீச்சுக் குரல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பாம்பு புற்றுக்குள் போய் வெகுநேரம் ஆன பிறகுதான் நுணா கால்களை அசைத்தது.

வீட்டில் எலிகள் சூழ்ந்துகொண்டன. "கொஞ்சம் தின்னுக்கலாமா?" என்றது ஒன்று. நுணா அன்று முழுக்க ஒன்றும் தின்றிருக்கவில்லை. கடைசிக் குட்டி மடியை வெறுமனே சப்பிக்கொண்டிருந்தது. நுணா நெல்லின் மேல் படுத்துக்கொண்டு பல்லைக் காட்டியது. யாரும் நெருங்கவில்லை.

அந்தக் குட்டி மழைக்காலத்தைப் பார்க்கவில்லை.

மழை வந்ததும் எலிகள் அந்த நெல்லை ஊன்றின. சில மணிகள் முளைத்தன. பல முளைக்கவில்லை.

"இதுங்க எப்போ?" என்று ஓர் எலி பொறுமையில்லாமல் ஈரமண்ணைக் கிளறியது.

"கைய எடு" என்றது நுணா. "தூங்கட்டும்."

இன்று உதவாது என்று ஒன்றை அடியோடு ஒழித்துவிடுகிறவர்கள், ஆபத்து வரும் நாளில் பிழைக்கும் வழியையும் ஒழித்துவிட்டிருப்பார்கள்.