களவு போன நாலு ஓம்ஸ்

"டீச்சர், இந்த யூனிட்ல நாலு ஓம்ஸ் களவு போயிருக்கு. பாத்து எழுதிக் கொடுங்க."

சுலைகாவின் மேசை மேலே பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்றைத் தொம்மென்று வைத்தார் அணஞ்சபெருமாள்.

குழாய் என்றால், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பனைமர உச்சியில் கட்டுவார்களே, பூ மாதிரி விரிந்த அந்தத் தகரக் குழாய்தான். அதன் முதுகில் திருகியிருக்கும் உருண்டைக்குப் பெயர் யூனிட். சத்தம் பிறப்பது அதற்குள்ளே.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு முப்பத்திநாலு. ஆனாலும் மேலப்பாளையத்தைச் சுற்றி இருக்கிற மைக் செட்காரர் எல்லாருக்கும் அவள்தான் டீச்சர்.

அவளிடம் ஒரு யூனிட்டைக் கொடுத்தால், கட்டம் போட்ட தாளில் அதற்கு ஒரு படம் வரைந்து தருவாள். ஓம்ஸ் படம். கரண்டு பாயும்போது எந்தச் சத்தத்துக்கு யூனிட் எவ்வளவு மல்லுக்கட்டுகிறது என்று ஏறி இறங்கிக் காட்டும் கோடு. அதைப் படிக்கவும் சொல்லித் தருவாள்.

படித்தவர்கள் கொஞ்சம். அதில் சுண்டல் மடித்தவர்கள் அதிகம்.

அணஞ்சபெருமாள் ஆறு வருசமாக அவளிடம் படிக்கிறார். படிக்கிறார் என்றால், வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார்.

"களவாண்டது யாரு அண்ணாச்சி?"

"மாசானம்."

அவள் கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கும் கோல் அப்படியே நின்றது.

மாசானம் அவர் கடையிலேயே பதினெட்டு வருசமாகக் காயில் என்கிற கம்பிச் சுருள் சுற்றுகிறவர். மயிரிழைக் கம்பியை விரல் நுனியில் எண்ணுகிற ஆள்.

"மாசானம் அண்ணனா?"

"அண்ணனாம், அண்ணன்! இந்த யூனிட் தை மாசம் எரிஞ்சு போச்சு. அவன்தான் புதுசாச் சுத்துனான். தகட்டுல என்ன போட்டிருக்கு, பதினாறு. மீட்டர் என்ன சொல்லுது, பன்னெண்டு. கம்பியைக் குறைச்சுப்புட்டான். நாளைக்கு நம்ம மைக் செட் சங்கத்துல அவன் பேரை வெட்டுதோம். உங்க கையெழுத்துல ஒரு சீட்டு வேணும். அதுக்கப்புறம் இந்த ஜில்லாவுல ஒருத்தன் அவனுக்கு வேலை கொடுக்கட்டும், பாக்குதேன்."

"அவருக்கு வேற தொழில் தெரியாதே."

"திருட்டுத் தெரியுமே!"

சுலைகாவுக்கு மூக்கு நுனி சிவந்தது.

"மீட்டரை வைங்க."

வைத்தார். மீட்டர் முனை தொட்டதும் யூனிட் டிக் என்றது. பன்னிரண்டு.

"பாத்தீங்களா?"

அவள் பரண் மேலிருந்து ஒரு யூனிட்டை இறக்கினாள். சீமையில் செய்தது. மேலே அடித்த அரக்கு முத்திரை இன்னும் உடையவில்லை. தகட்டில் பதினாறு.

"மாசானம் அண்ணன் பிறக்கும் முன்ன செஞ்சது. வைங்க."

டிக். பன்னிரண்டு.

அணஞ்சபெருமாள் அதையே வெறித்துப் பார்த்தார்.

"அப்ப அந்தக் காலத்துலயே களவாண்டிருக்கான்!"

"யாரு?"

"வெள்ளைக்காரன்!"

"உக்காருங்க," என்றாள். சொன்ன சொல்லில் நாற்காலி தானாக நகர்ந்த மாதிரி இருந்தது.

மாசானம் சுற்றிய யூனிட்டில் குழாயை இறுக்கித் திருகினாள். சத்தம் எழுப்பும் பெட்டியை அதில் மாட்டினாள். கட்டத் தாளையும் பென்சிலையும் அவர் மடியில் போட்டாள். மின்விசிறியை நிறுத்தினாள்.

"நான் ஓம்ஸைச் சொல்லச் சொல்ல நீங்க புள்ளி வைங்க."

பெட்டியின் குமிழைத் திருகினாள். முதலில் குழாய்க்குள் ஒரு கருவண்டு புகுந்தது.

"இருபத்தி ரெண்டு."

வண்டு மாவு மில்லானது.

"நாப்பத்தி ஒண்ணு."

மாவு மில் நாதசுரத்துக்கு ஒத்து ஊதியது.

"பதினேழு. அடுத்து, முப்பது. அடுத்து, பதினாலு."

"இதென்ன டீச்சர், பஸ் நம்பர் மாதிரி சொல்லுதீங்க? எது நிசம்?"

"அடுத்தது, பதினாறு. புள்ளியை வைங்க."

"இந்தா வந்துருச்சே பதினாறு!"

"போயிருச்சு. பத்தொம்பது."

வேர்வையில் அவர் வேட்டி நனைந்து நாற்காலியில் ஒட்டியது. ஒத்து விசிலானது. விசில் கொசுவானது. கொசு காதுக்குள் குடைந்தது. நாற்பது புள்ளி ஆயிற்று.

"பன்னெண்டு எங்கயுமே வரலையே?"

"வராது."

"மீட்டர்ல வந்துச்சே!"

"சத்தமே இல்லாதப்பதான் பன்னெண்டு. தகட்டுல போட்டிருக்கிறது பாடும்போது உள்ள தோராயக் கணக்கு."

பென்சில் சுவரில் போய் அடித்தது.

"என்னைப் புள்ளி வைக்க விட்டுக் கோலமா போடுதீங்க? ஒத்தை நம்பர் சொல்லுங்க! அவன் யோக்கியனா, அயோக்கியனா?"

சுலைகா எழுந்தாள். அவள் குரல் தெருமுனை டீக்கடை வரை கேட்டது.

"ஆறு வருசம்! ஆறு வருசமா இதையேதான் கேக்கீங்க! ஒத்தை நம்பர், ஒத்தை நம்பர்! நாப்பது தரம் அது நாப்பது விதமாச் சொல்லுது, உங்களுக்கு ஒண்ணு போதும்! அதுவும் உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணு!"

"டீச்சர், மரியாதை!"

"என்கிட்ட இருக்கு. நீங்க எங்க வச்சீங்கன்னு தேடுங்க!"

அலமாரியைத் திறந்து ஒரு பழைய தாளை உருவினாள். அதே யூனிட். எரிவதற்கு ரெண்டு வருசம் முன்பு அவளே வரைந்த படம். மூலையில் தேதி இருந்தது, அவர் கடைப் பெயரும் இருந்தது.

அவர் மடியிலிருந்த தாளைப் பிடுங்கினாள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் அழுத்தினாள். வெயில் இரண்டுக்குள்ளும் பாய்ந்தது.

"வந்து பாருங்க."

அவர் அசையவில்லை.

"வாங்கன்னா வாங்க!"

வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பழைய கோடு ஏறிய இடத்தில் அவர் வைத்த புள்ளி ஏறியிருந்தது. கோடு இறங்கிய இடத்தில் புள்ளி இறங்கியிருந்தது. நாற்பதும், தந்திக் கம்பியில் உட்கார்ந்த குருவி மாதிரி.

அணஞ்சபெருமாள் ஒவ்வொரு புள்ளியாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். கடைசிப் புள்ளியில் விரல் நின்றது.

"கம்பி குறையலையா?"

அவள் தாள்களை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"ஒரு சுத்துகூடவா?"

அவள் பழைய தாளின் மூலையில் இருந்த தேதியைத் தட்டிக் காட்டினாள்.

"பின்ன இந்தப் பய ஏன் டீச்சர் சொல்லலை? 'முதலாளி, மீட்டரை நம்பாதீங்க, டீச்சர்கிட்டப் படம் இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கல்லு மாதிரி நின்னா?" கோபம் அவருக்கு மறுபடியும் ஏறிற்று. "வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீங்க அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். போன சங்கக் கூட்டத்துல, இருநூறு பேர் முன்ன, மைக்குல கேட்டேன். 'ஏலேய், கம்பி எங்கல'ன்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"மேடைக்கு ஏறி வந்தான். மைக்கைப் பிடிச்சான்."

"ம்."

"வாய் அசைஞ்சுது. ரொம்ப நேரம் அசைஞ்சுது."

"என்ன சொன்னாரு அண்ணாச்சி?"

அணஞ்சபெருமாள் ஜன்னலிலிருந்து கையை எடுத்தார்.

"நான்தான் ஆம்ப்ளிஃபயரை அணைச்சிட்டேனே, டீச்சர்."