காணாமல்போன வெள்ளைத் திட்டுகள்

தணிகாசலம் பாலிடெக்னிக் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி பியூலா அவரைவிட வயதில் சிறியவர். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. எஃகுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

காருக்கான எஃகு. உலையில் காய்ச்சி, பாதி குளிரவைத்து, மறுபடி சூடு காட்டிப் பதப்படுத்தியிருந்தார். நுண்ணோக்கியில் பார்த்தபோது கெட்டியான பரப்புக்கு நடுவே மிருதுவான வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. அதில் ஒரு துண்டை இயந்திரத்தில் மாட்டி உடையும்வரை இழுத்தார். பிறகு பார்த்தால் ஒரு திட்டுகூட இல்லை.

இரும்பைப் பார்த்து ஒரு மனிதருக்குத் தூக்கம் கெடும் என்றால் யார் நம்புவார்கள்? அவருக்குக் கெட்டது.

"எங்கயோ துண்டை மாத்தி எடுத்துட்டேன் மேடம். இதுவரைக்கும் எடுத்த அளவு எதுவும் செல்லாது. விட்டுட்டு வேலைக்கே திரும்பிடறேன்."

"எந்த இடத்தை வெட்டிப் பாத்தீங்க?"

"உடைஞ்ச இடத்துக்குப் பக்கத்துல."

பியூலா அந்தத் துண்டை வாங்கினார். இயந்திரம் கவ்விப் பிடித்திருந்த முனையில் நகமளவு வெட்டிக் கொடுத்தார். தணிகாசலம் அதைத் தேய்த்து மெருகேற்றி, அமிலத்தில் நனைத்துப் பார்த்தார். வெள்ளைத் திட்டுகள் அப்படியே இருந்தன. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது அதே துண்டுதானா?"

"உங்க முன்னாடிதான வெட்டினேன்."

"அப்ப நடுவுல இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. இழுக்க இழுக்க அதுவும் கெட்டியாயிடுச்சு. முனையில அந்த இழுப்பு படல."

துண்டு மாறவில்லை என்று தெரிந்ததும் அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். குழப்பம்தான் கூடியது.

"கெட்டியாகத்தான் போகுதுன்னா, முதல்லயே முழுசையும் கெட்டியாக்கிட்டா என்ன?"

பியூலா மேசை இழுப்பறையிலிருந்து அப்படி முழுக்கக் கெட்டியாக்கிய ஓர் எஃகுப் பட்டையை எடுத்தார். மேசையோர வைஸ் இடுக்கியில் பிடித்துச் சுத்தியலால் தட்டச் சொன்னார். தணிகாசலம் தட்டினார். அது வளையவே இல்லை, பட்டென்று இரண்டாகிவிட்டது.

அந்தப் பாதிகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழுகை வரும்போல இருந்தது.

"அப்ப நான் செஞ்சது மிருதுவானதா, கெட்டியானதா? எனக்கு ஒண்ணும் பிடிபடல மேடம். இந்தப் படிப்பை நான் தாங்க மாட்டேன்."

"அதை இப்பவே எப்படிச் சொல்றீங்க சார்? இழுப்பு இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு."