காலிக் கட்டம்

மேட்டுத்தெருவுக்குக் குடிநீர் வந்து மாதக்கணக்காகிவிட்டது. புகார்களெல்லாம் நகராட்சிக் கணினியில் பதில் கட்டம் காலியாகவே கிடந்தன. எல்லா அட்டவணைகளையும் எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பச் சொன்னார் கலெக்டர். பதில் சொல்ல வேண்டியவர் பொறியாளர் ஞானவடிவேல்.

ஒப்பந்த ஊழியர் பவளக்கொடியைக் கூப்பிட்டார். "கோப்பை எடுக்கிற எக்ஸ்போர்ட்ல ஒரு ஆப்ஷன் வை. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் அந்த வரிசையே கோப்புல வரக்கூடாது. முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

மேட்டுத்தெருக்காரி அவள். "எல்லா அட்டவணைக்குமா சார்?"

"எல்லாத்துக்கும்தான்!"

கூட்டத்தில் கோப்பைத் திறந்த கலெக்டர் பொறியாளரிடம், "ஊழியர் பட்டியல்ல உங்க பேரே இல்லையே?" என்றார்.

பொறியாளர், கணினி அருகே நின்ற பவளக்கொடி மேல் பாய்ந்தார். "என்னடி செஞ்சே?"

"நீங்க சொன்ன ஆப்ஷன்தான் சார். ஊழியர் பட்டியல்ல, தெருவை நேரில் பார்த்த தேதின்னு ஒரு கட்டம் இருக்கு. உங்களுக்கு அது காலி."

"அந்த ஆப்ஷனை எடும்மா," என்றார் கலெக்டர்.

எடுத்தாள். பொறியாளரின் பெயர் திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே, புகார் புகாராக, மேட்டுத்தெரு முழுவதும் வந்து நின்றது, காலிக் குடங்களோடு.