அடியில் ஒன்றும் இல்லை

"அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, மேடம். என்னால முடியாது."

டாக்டர் அருமைநாதன் கதவோரத்திலேயே நின்றுவிட்டார். மூளையில் அறுவைச் சிகிச்சை செய்கிறவர், ஐம்பது தாண்டியவர். கையில் சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் குழாய்.

பல்கிஸ் மேடம் தலை நிமிரவில்லை. அந்த ஆய்வுக்கூடம் அவருடைய பொறுப்பு. டாக்டரைவிட வயதில் சின்னவர். ஆனால் வேலை கற்றுக்கொள்ள வந்துவிட்டால் டாக்டரும் மாணவர்தானே.

"என்னத்தச் சொல்லணும்?"

"போச்சுன்னு."

போச்சு என்றால் சும்மாவா போச்சு! பூவிழி என்ற குழந்தையின் மூளைக் கட்டியிலிருந்து டாக்டரே எடுத்த சதை அது. மிளகு அளவு. அதிலிருந்து ஹிஸ்டோன் என்ற புரதத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதன்மேல் எந்த வேதிக் குறி ஒட்டியிருக்கிறது, எது உதிர்ந்துவிட்டது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற எந்திரம் எடைபோட்டுச் சொல்லும். அதைப் பார்த்துத்தான் மருந்து.

"இன்னொரு தரம் எடுக்க முடியாதா?"

"தலையை மறுபடி திறந்தா பிள்ளை தாங்காது, மேடம்."

டாக்டர் உள்ளே வந்து மேடத்தின் மேசையருகே நின்றார்.

"கடைசியா என்ன பண்ணீங்க?"

"பிரிச்ச புரதத்த அசிட்டோன்ல கழுவி, அசிட்டோனக் கொட்டினேன். காய வச்சேன். பார்த்தா அடியில ஒண்ணுமே இல்ல. அசிட்டோனோட சேர்த்து அதையும் கொட்டித் தொலைச்சிருக்கேன். பாவி நான்."

"போன வாரம் கோழி ஈரல்ல பழகினீங்களே. அப்போ எங்க பார்த்தீங்க?"

"சுவர்ல. அடியில தங்காது, சுவரோட படலமாப் படிஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணி விட்டு உருட்டி எடுக்கணும்."

பாடம் ஒப்பிக்கிற மாதிரி கடகடவென்று சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு எங்க பார்த்தீங்க?"

டாக்டர் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கோழியோட அம்மா கீழ பெஞ்சுல உட்கார்ந்திருக்கலையே, மேடம்."

பல்கிஸ் மேடம் கை நீட்டினார். டாக்டர் குழாயைக் கொடுத்தார்.

மேடம் அதில் குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் விட்டார். குழாயைப் படுக்க வைத்து இரண்டு விரலால் உருட்டினார். சுவர் முழுக்கத் தண்ணீர் பட்டது. அவசரமே இல்லை மேடத்துக்கு. அவசரமெல்லாம் டாக்டருக்குத்தான்.

"இதுலயும் இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்! சொல்லவில்லை.

இன்னொரு குழாயில் பழுப்பு நிறச் சாயம் இருந்தது. புரதம் பட்டால் நிறம் மாறும். பட வேண்டுமே. உருட்டிய தண்ணீரிலிருந்து ஒரே ஒரு சொட்டை அதில் விட்டார்.

பழுப்பாகவே இருந்தது.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க, டாக்டர்."

நீலம்.

டாக்டர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். அழுதார். வெட்கப்படாமல் அழுதார்.

பல்கிஸ் மேடம் பூவிழியின் குழாயை ஐஸ் பெட்டியில் செருகினார். பெட்டியை டாக்டர் பக்கம் தள்ளினார்.

"இன்னும் வேலை கிடக்கு. நொதி போட்டுத் துண்டாக்கணும். எந்திரத்துக்கு அனுப்பணும்."

"ஐயோ, வேண்டாம் மேடம். மிச்சத்த நீங்களே பண்ணிடுங்க. மண்டைக்குள்ள ஒருநாளும் ஆடாத கை, பாருங்க, எப்படி ஆடுதுன்னு. இன்னொரு தரம் நான் தப்புப் பண்ணினா அந்தப் பிள்ளைக்கு வேற வழியே இல்ல."

பல்கிஸ் மேடம் கையுறையைக் கழற்றினார். கதவுப் பக்கம் நடந்தார்.

"மேடம்! எங்க போறீங்க?"

"கீழ. பிள்ளையோட அம்மாகிட்ட சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்க."

"என்னன்னு சொல்லப் போறீங்க?"

"நீங்க பண்ணிக்கிட்டிருக்கீங்கன்னு."