ஜன்னலுக்கு வெளியே ஒரு கை

சங்ககிரியில் லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் செங்கமலம். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்று ஓட்டுநர்கள் அவளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க அவள் வகுப்புக்கு வரும் பழைய ஆட்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேலி பேசுவார்கள்.

சென்னியப்பனும் அப்படிப் பேசியவர்தான். முப்பது வருடம் லாரி ஓட்டியவனுக்கு நீ என்ன அம்மணி சொல்லித் தரப்போறே, ரசம் வைக்கவா என்று போன வருடம் கேட்டிருந்தார். அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

இந்த வருடம் அவராகவே வந்தார். முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார்.

நாற்பது நாளுக்கு முன், மேச்சேரி சாலையில், சுண்ணாம்புக்கல் பாரத்தோடு போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்தபடியே வந்தது. பாவம், நம் புகையைத் தின்றுகொண்டு வருகிறானே என்று நினைத்தார். முன்னால் பார்த்தார். சாலை காலியாக இருந்தது. ஜன்னல் வழியே கையை நீட்டி, போ என்று அசைத்தார். எல்லா லாரிக்காரர்களும் செய்கிற மரியாதைதான். பைக் ஏறி வந்தது. அதே நேரம் தென்னந்தோப்புப் பாதையிலிருந்து ஒரு பால் வேன் சாலைக்குத் திரும்பியது.

பைக்கில் வந்தவன் ஹெல்மெட் போட்டிருந்தான். அப்படியும் பிழைக்கவில்லை. போலீஸ்காரர்கள் வேனைப் பற்றி எழுதினார்கள், பைக்கைப் பற்றி எழுதினார்கள். கையைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதைப் பார்த்தவன் செத்துப்போனவன் ஒருவன்தான்.

அன்றிலிருந்து சென்னியப்பன் வண்டியைத் தொடவில்லை. திங்கட்கிழமை லோடு ஏற்றாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார் முதலாளி. வேறு தொழில் தெரியாது. தூக்கமும் இல்லை.

“நல்லதுக்குத்தான் கை காட்டினேன். அது தப்பா, அம்மணி?”

செங்கமலம் எழுந்து வெளியே போய்த் தன் பைக்கை எடுத்தாள். அவரிடம் ஒரு ஹெல்மெட்டை நீட்டினாள்.

“பின்னால உக்காருங்கண்ணா.”

உட்கார்ந்தார். அவள் கிளம்பவில்லை. அவர் தாடைக்குக் கீழே வாரை மாட்டிக்கொள்ளும் வரை காத்திருந்தாள்.

ஊரைத் தாண்டியதும் ஒரு சிமெண்ட் லாரியின் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். லாரியின் பின்புறத்தை இப்படி அண்ணாந்து பார்த்து அவருக்கு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சுவர் ஒன்று நகர்ந்து போவது போலிருந்தது. அதற்கு அப்பால் சாலை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. தூசி பல்லில் நறநறத்தது.

சற்று நேரத்தில் லாரி ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. போ, போ என்று அசைந்தது. அவருடைய கையே போலிருந்தது.

“போலாம் அம்மணி, சொல்லிட்டாரு.”

அவள் போகவில்லை. கை மறுபடி அசைந்தது. மூன்றாம் முறை எரிச்சலோடு உதறிவிட்டு உள்ளே போய்விட்டது. எதிரில் ஒரு வண்டியும் வரவில்லை. இன்னும் பின்தங்கி, வலது ஓரமாக நகர்ந்து, நீளத்துக்குச் சாலை தெரிந்த பிறகுதான் அவள் லாரியைத் தாண்டினாள். தாண்டும்போது அந்த ஓட்டுநர், கை காட்டினாக்கூடப் போகத் தெரியாதவங்களுக்கெல்லாம் வண்டி எதுக்கு என்று கத்தினார்.

ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள்.

“ரோடு காலியாத்தானே இருந்துச்சு? அவரு சரியாத்தானே சொன்னாரு?”

“சரியாத்தான் சொன்னாரு.”

“அப்புறம் ஏன் போகலை?”

“எனக்கு ரோடு தெரியலையேங்கண்ணா.”

சென்னியப்பன் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தார். சாலையில் லாரிகள் போயின. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒன்றிரண்டு பைக்குகள் ஒட்டிக்கொண்டு போயின. இத்தனை வருடம் கண்ணாடியில் புள்ளிகளாகப் பார்த்தவை.

“அப்ப, பின்னால ஒருத்தன் தவிச்சுட்டு வந்தா நான் என்னதான் பண்ணறது?”

“இடதுபக்கமா ஒதுங்கி வேகத்தைக் குறைங்க. கை ஸ்டியரிங்லயே இருக்கட்டும். அவரே பார்த்துட்டுப் போவாரு.”

டீயின் மேல் ஆடை படிந்துவிட்டது. அவர் குரல் இறங்கியது.

“திங்கக்கிழமை நான் வண்டி எடுக்கலாமா அம்மணி? நீ எடுன்னு ஒரு வார்த்தை சொல்லு. எடுத்துடறேன்.”

செங்கமலம் தம்ளரைக் கீழே வைத்தாள். அவளுக்கும் களைப்பாக இருந்தது.

“என்னையும் கை காட்டச் சொல்றீங்களாண்ணா?”