மருதாயி ஏறிய பாறை

ஆவாரங்குளத்தின் கரையில் மிளாமான்கள் கூட்டமாக வாழ்ந்து வந்தன. அந்தக் கூட்டத்தில் சாம்பி என்று ஒரு பெண் மிளா இருந்தாள். அவளுக்கு மருதாயி என்ற வயதான தாயும், பால்குடி மறக்காத ஒரு குட்டியும் இருந்தார்கள். இந்த இருவரையும் நினைத்தே சாம்பிக்கு மேய்ந்தது செரிக்காது. இலை அசைந்தால் புலி வந்துவிட்டது என்பாள். அம்மா ஒருமுறை இருமினால் அன்று முழுவதும் புல்லைத் தொட மாட்டாள்.

குளத்துக்கு மேற்கே வழுக்குப்பாறை இருந்தது. சில கோடைகளில் குளம் அடியோடு வற்றிப்போகும். அப்போது காட்டிலுள்ள எல்லோரும் அந்தப் பாறையில் ஏறி, மறுபக்கத்து ஆற்றுக்குப் போய்த்தான் பிழைக்க வேண்டும். பாதை ஒற்றைக் குளம்பு வைக்கும் அகலம்தான். ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவரவர் காலில் அவரவர் ஏற வேண்டும்.

வயதான பெற்றவர்களை உட்கார வைத்து, வாயருகே தழை கொண்டு வந்து கொடுப்பது அந்தக் காட்டில் பெரிய பெருமை. அந்தப் பெருமையில் சாம்பியை மிஞ்ச ஆள் கிடையாது. குளத்தை ஒட்டிய நாவல் மரத்தடியில் தாயைப் படுக்க வைத்திருந்தாள். கழுத்தை நீட்டினால் தண்ணீர். திரும்பினால் தழை. மருதாயி எழுந்திருக்கப் பார்த்தாலே ஓடி வருவாள்.

"நீ எதுக்கும்மா எழுந்திருக்கிறே? நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்?"

குளத்து ஆமை இதைப் பார்த்து வாய் ஓயாமல் புகழும். இப்படி ஒரு மகள் தனக்கு வாய்க்கவில்லையே, முட்டைகளை மண்ணில் போட்டுவிட்டு வந்ததற்கு இதுதான் பலன் என்று பெருமூச்சு விடும். சாம்பிக்கு அதைக் கேட்க இனிக்கும்.

மருதாயிக்கும் முதலில் சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் எழுந்து நின்றபோது முன்னங்கால்கள் நடுங்கின. நாவல் மரத்தில் சாய்ந்துகொண்டாள். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அன்றைக்கும் பட்டினி கிடப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் மேல்முகட்டிலிருந்து ஒரு வரையாடு இறங்கி வந்தார். கால் வலுவிழந்த தன் தகப்பன் பாறை விளிம்பிலிருந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். அதிலிருந்து வயதான மிருகங்களுக்கு உடம்பில் தெம்பு ஏற்றுவதையே வேலையாக வைத்துக்கொண்டார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

மாஸ்டரிடம் முதலில் போய் நின்றது கோரையன் என்ற கிழட்டுக் காட்டுப்பன்றி. ஒரு காலத்தில் மரத்தை முட்டிச் சாய்த்தவன் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வான். இடுப்பளவுகூட இல்லாத ஒரு பழைய கரையான் புற்றைக் காட்டி, ஏறி இறங்கச் சொன்னார் மாஸ்டர்.

"இதைச் சொல்லவா மாஸ்டர் இவ்வளவு பெரிய கொம்பை வளர்த்து வச்சிருக்கீங்க?" என்றான் கோரையன்.

"நீங்க முதல்ல ஏறுங்க பெரியவரே. கொம்பைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

ஏறி இறங்கியவனுக்கு வாயைத் திறக்க மூச்சு இல்லை. கொம்பின் பேச்சு அதோடு முடிந்தது.

சாம்பி தூரத்து மேய்ச்சலுக்குப் போயிருந்த ஒரு காலையில், மருதாயி மெல்ல நடந்து புற்றடிக்கு வந்தாள். மாஸ்டர் அவளை உடனே எதையும் செய்யச் சொல்லவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார். எங்கே வலிக்கும், எப்போதாவது விழுந்ததுண்டா, எழும்போது தலை சுற்றுமா, நெஞ்சு படபடக்குமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு ஒரு மரத்தில் சாய்ந்தபடி படுக்கவும் எழவும் சொன்னார். சற்று நேரம் ஓய்வு. மறுபடி படுத்து எழச் சொன்னார். அதோடு போதும் என்றார்.

"இவ்வளவுதானா?" என்றாள் மருதாயி.

"இன்னைக்கு இவ்வளவுதான் பெரியம்மா. நாளை மறுநாளும் நீங்க வரணும் இல்லையா?"

மூச்சை அடக்கக் கூடாது, எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும் என்றார். தொடைச் சதை லேசாக நோவது நல்லதுதான், ஆனால் மூட்டில் ஊசி குத்துவதுபோல் வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்றார். ஒருநாள் செய்தால் மறுநாள் இளைப்பாறச் சொன்னார். தான் பக்கத்தில் இல்லாமல் யாரும் புதிதாக எதையும் முயன்று பார்க்கக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்.

விஷயம் சாம்பிக்குத் தெரிந்தபோது அவளுக்கு உயிரே போய்விட்டது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று தாயிடம் மன்றாடினாள். மருதாயி கெஞ்சிக் கேட்டதால் வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதருக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பார்த்து ஒவ்வொன்றிலும் குறை கண்டுபிடித்தாள்.

நாட்கள் போகப்போக மருதாயியின் கால் நடுக்கம் குறைந்தது. மரத்தில் சாயாமல் எழுந்தாள். ஒரு காலையில் முன்னங்கால் இரண்டையும் புற்றின் மேல் வைத்து, பின்னங்காலால் உந்தி, மேலே ஏறியும் விட்டாள். ஏறியதும் சுற்றிலும் பார்த்துச் சிரித்தாள். எவ்வளவோ காலமாகத் தரையிலிருந்தே பார்த்த குளத்தை அன்றுதான் மேலிருந்து பார்த்தாள். புதருக்குப் பின்னால் இருந்த சாம்பிக்கோ அந்தச் சிரிப்பு தெரியவில்லை. இறங்கும்போது முழங்கால் லேசாக ஆடியதுதான் தெரிந்தது.

அடுத்து நடந்த காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒருநாள் புற்றடிப் பக்கமிருந்து கோரையனின் அலறல் கேட்டது. சாம்பி பாய்ந்து ஓடினாள். ஒரு பெரிய பாறாங்கல்லின் பக்கத்தில் கோரையன் விழுந்து கிடந்தான். முதுகை அசைக்க முடியாமல் முனகினான். மாஸ்டர் குனிந்து அவன் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்த மாத்திரத்தில் சாம்பி முடிவு கட்டிவிட்டாள். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாஸ்டர், எங்க அம்மாவை விட்டுடுங்க. உங்க விளையாட்டுக்கு அவங்க ஆள் இல்லை."

மாஸ்டர் கோரையனைப் பார்த்தார். கோரையன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். சொல்ல வேண்டியவன் சொல்லட்டும் என்று மாஸ்டரும் பேசாமல் இருந்தார். கடைசியில், மருதாயிக்கு இப்போதுதான் தெம்பு பிடிக்கிறது, நடுவில் விட்டால் வந்ததும் போய்விடும், கோபம் ஆறியதும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

வரும் வழியில் மருதாயி மெதுவாகச் சொன்னாள், "எனக்கு ஒண்ணும் ஆகலையே சாம்பி."

"ஆன பிறகு என்னை அழச் சொல்றியா?"

கேட்கும்போதே சாம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் அழுதால் மருதாயியால் தாங்க முடியாது. சரி, இனி போகவில்லை என்றாள். மறுபடியும் நாவல் மரத்தடி. மறுபடியும் வாயருகே தழை. முன்பைவிட இளந்தழையாகத் தேடித் தேடிக் கொண்டு வந்தாள் சாம்பி. ஆமையும் முன்பைவிட அதிகமாகப் புகழ்ந்தது.

அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. குளம் நாளுக்கு நாள் சுருங்கியது. நாவல் மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெடித்த சேறு அகலமாகிக்கொண்டே போனது. இனிமேல் தாங்காது, கிளம்பிவிடலாம் என்று எல்லா மிருகங்களும் கூடிப் பேசி முடிவெடுத்தன.

வழுக்குப்பாறையின் அடியில் வரிசையாக நின்றார்கள். சாம்பி தாயை நடத்திக்கொண்டு வந்து சேர்ந்தபோது, மேலே முதல் திருப்பத்தில் ஒருவன் அசைந்து அசைந்து ஏறிக்கொண்டிருந்தான். அவள் கண்களையே அவளால் நம்ப முடியவில்லை. அது கோரையன். ஒவ்வொரு அடிக்கும் புஸ் புஸ்ஸென்று மூச்சை வெளியே விட்டு, நின்று இளைப்பாறி, அடுத்த காலை எடுத்து வைத்தான். அவனுக்குக் கீழே ஓர் அடி பின்தங்கி மாஸ்டர் வந்துகொண்டிருந்தார்.

"மாமா, உங்க முதுகுதான் உடைஞ்சு போச்சே" என்று கீழேயிருந்து கத்தினாள் சாம்பி.

கோரையன் நின்றான். பிறகு திரும்பாமலேயே சொன்னான்.

"உடையலைம்மா. பிடிச்சுக்கிச்சு. அன்னைக்கு மாஸ்டர் அங்கே இல்லை. பழைய வீரம் இருக்கான்னு பார்க்க நானே அந்தக் கல்லைப் புரட்டினேன். சத்தம் கேட்டு வந்து தூக்கினவர்தான் அவர். நீ திட்டினப்போ உண்மையைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. ஆறினதும் மறுபடி படுத்து எழுந்திருக்கிறதுல இருந்து ஆரம்பிச்சு வச்சார்."

சாம்பி தாயைத் திரும்பிப் பார்த்தாள். மருதாயி பாதையில் முன்னங்காலை வைத்தாள். பின்னங்கால் உந்த வேண்டிய இடத்தில் உந்தவில்லை. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். சாம்பி தலையால் முட்டித் தள்ளினாள். மருதாயி எழுந்தாள், இரண்டடி வைத்தாள், மறுபடி மடங்கினாள். புற்றின் மேல் ஏறி நின்று சிரித்த கால்கள் அவை. இப்போது தரையில் நிற்கவே தள்ளாடின.

மாஸ்டர் கோரையனை முகட்டில் சேர்த்துவிட்டு இறங்கி வந்தார். மருதாயியின் கால்களை அழுத்திப் பார்த்தார். இப்படியே தள்ளி ஏற்றினால் பாதி வழியில் விழுந்துவிடுவாள், அவளோடு தள்ளுகிறவளும் விழுவாள் என்றார். கொஞ்ச காலம் கிடைத்தால் ஏற்றிவிடலாம், ஆனால் மற்றவர்கள் காத்திருக்கத் தண்ணீர் இல்லையே என்று தலையைக் குனிந்துகொண்டார். சாம்பியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாம்பி தானும் நகரப் போவதில்லை என்று அடம்பிடித்தாள். அதற்குள் அவள் குட்டி நாக்கை நீட்டிக்கொண்டு அவள் மடியை முட்டியது. மடி வறண்டிருந்தது. மருதாயி குட்டியைப் பார்த்தாள். குளத்தின் நடுவில் ஆமை ஒளிந்துகொள்ளும் பள்ளத்தில் கொஞ்சம் சேற்றுத்தண்ணீர் இருக்கிறது, ஒரு வாய்க்கு அது போதும், பலருக்குப் போதாது என்றாள்.

"குட்டியைக் கூட்டிட்டுப் போ, சாம்பி. நீ ஊட்டின தழையெல்லாம் இனிச்சுதான் இருந்துச்சு."

அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

கிளம்பும் முன் மாஸ்டர் மருதாயியின் காதருகே குனிந்தார். "பெரியம்மா, அந்தப் புற்று அங்கேயேதான் இருக்கு" என்றார். மருதாயி தலையசைத்தாள். சாம்பி ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசித் திருப்பத்தில் பாறை மறைத்துவிட்டது.

ஆற்றங்கரையில் புல்லுக்குக் குறைவில்லை. சாம்பியின் வாய்க்குத்தான் எதுவும் ருசிக்கவில்லை. மேகம் கறுத்து முதல் மழை கொட்டியதும் யாருக்கும் காத்திராமல் குட்டியோடு திரும்பினாள். முகட்டைத் தாண்டி இறங்கத் தொடங்கியவள், கடைசித் திருப்பத்து இச்சி மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டாள்.

அங்கே மருதாயி கிடந்தாள். இறந்து சில நாட்கள்தான் ஆகியிருக்க வேண்டும். முகம் முகட்டைப் பார்த்தபடி இருந்தது.

சாம்பி குளக்கரைக்கு ஓடினாள். புற்றைச் சுற்றி மண் தேய்ந்து பள்ளமாகிக் கிடந்தது. மழைத்தண்ணீரில் மேலே வந்த ஆமை, தான் பார்த்ததைச் சொன்னது. அது கோடை முழுவதும் சேற்றிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்ததாம். எல்லோரும் போன பிறகு மருதாயி மரத்தில் சாய்ந்து படுத்து எழுந்தாளாம். ஒருநாள் செய்தால் ஒருநாள் இளைப்பாறினாளாம். மூட்டு குத்தினால் உடனே நிறுத்திவிடுவாளாம். வெகுநாள் கழித்துப் புற்றில் ஏறினாளாம். அதன் பிறகு பாறையில் முதல் திருப்பம் வரை போய்த் திரும்பினாளாம்.

"கடைசியில பள்ளத்துத் தண்ணியும் வத்திப்போச்சு" என்றது ஆமை. "இன்னும் கொஞ்ச நாள் பழகியிருந்தா ஏறிடுவேன், ஆனா இனி இருக்க முடியாதுன்னு சொல்லிட்டுத்தான் போனா. நான்தான் உன்னை அவ்வளவு புகழ்ந்தேன் சாம்பி. நான் சும்மா இருந்திருக்கலாம்."

தாய் கிடந்த இடத்திலிருந்து முகடு எவ்வளவு பக்கம் என்று சாம்பிக்குத் தெரியும். அங்கே நின்றாலே ஆற்றுக்காற்று மூக்கில் படும். தான் பறித்துக்கொண்ட அந்தக் காலைப்பொழுதுகளைத் தாயிடம் விட்டிருந்தால், கோரையனுக்கு முன்னாலேயே அவள் முகட்டில் ஏறி நின்றிருப்பாள்.

மாஸ்டரும் மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். புற்றடியில் மறுபடி கிழட்டு மிருகங்கள் கூடின. ஒரு காலையில் சாம்பியும் தயங்கித் தயங்கி வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது. மாஸ்டர் எல்லோரிடமும் கேட்பதுபோல் அவளிடமும் முதல் கேள்வியைக் கேட்டார்.

"எங்கேம்மா வலிக்குது?"

சாம்பி வழுக்குப்பாறையின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் அவளை அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே நின்றார்.

முதியவர்களை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளும் பாசத்தைவிட, விவரம் தெரிந்தவர் துணையோடு அவர்கள் மெல்ல மெல்ல உடம்பைப் பழக்கிக்கொள்ள விடும் பாசமே அவர்களைக் கடைசிவரை காப்பாற்றும்.