பூத் சூசையின் முழங்கை

"இருபத்தேழு வருஷமா நடக்கிற கண் முகாம். இந்த ஞாயித்துக்கிழமை நின்னுபோகப் போகுது, சூசை. நான் என்ன செய்யட்டும்?"

கேட்டவர் பாலகுருசாமி. வயது அறுபத்து நான்கு. சாத்தூரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், உதயம் சேவை மன்றத்தின் தலைவர்.

சூசைமாணிக்கம் ஒரு பெண் கேட்ட நீலப் பேனாவை டப்பாவில் தடவி எடுத்தார். மூடியில் இருந்த கீறலை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பஸ் ஸ்டாண்டின் தெற்கு மூலையில் இருக்கும் மஞ்சள் கூண்டுதான் அவர் கடை.

அவரைக் குரு என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. ஆனால் சிக்கல் வந்தால் அந்தக் கூண்டுக்கு முன்னால் போய் நிற்கிறவர்கள் உண்டு.

"சூசை, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு தலைவரே. நீங்க மெதுவாப் பேசி நான் எப்பக் கேட்டிருக்கேன்?"

மன்றம் செய்த முதல் சேவையே அந்தக் கூண்டுதான். தொண்ணூற்றிரண்டில் ஐந்து பேர் சேர்ந்து வைத்துக் கொடுத்த டெலிபோன் பூத். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில்தான் அப்போது கூட்டம் நடக்கும். கீழே கடைசி மெஷின் ஓயும்வரை காத்திருந்துவிட்டுப் பேசத் தொடங்குவார்கள். ஒரு பாக்கெட் பிஸ்கட், ஐந்து டீ. அவர்களில் இப்போது மிஞ்சியிருப்பவர் பாலகுருசாமி மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூத் முன்னால் வரிசை நிற்கும். துபாய்க்குப் பேசுகிறவர்கள் கத்துவார்கள். சிவகாசிக்குப் பேசுகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவார்கள். சூசை கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறந்ததும் இறந்ததும் முதலில் அவருக்குத்தான் தெரியும். ஒன்றையும் வெளியில் சொன்னதில்லை.

டெலிபோன் இன்னும் இருக்கிறது. சத்தம்தான் வராது. தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் பேனா, நோட்டு, சீப்பு எல்லாவற்றையும் எடுத்து அடுக்குகிறார்.

"ஏன் நிக்கப் போகுது?" என்றார் சூசை.

"பதினஞ்சு தொண்டர் இருந்தாத்தான் ஆபரேஷனுக்கு ஆளுங்களை ஏத்திட்டுப் போக பஸ் அனுப்புவோம்னு மதுரை ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லிட்டாங்க. ஏழு பேர் ஒரே நாள்ல விலகிட்டாங்க. மிச்சம் என்னையும் சேர்த்து எட்டு. அதுல ரெண்டு பேருக்கே கண்புரை."

"அப்ப முகாமுக்கு ஆள் இருக்கு."

"கிண்டல் பண்ணாதய்யா. நூத்தி எண்பது பேர் பேர் கொடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் கணக்கைச் சொல்லணும். இன்னைக்கு வியாழன்."

"ஏழு பேரும் ஏன் போனாங்க?"

"மெஹருன்னிசா டீச்சர் போனாங்க. மத்த ஆறு பேரும் பின்னாலயே போயிட்டாங்க."

"டீச்சர் ஏன் போனாங்க?"

பாலகுருசாமி துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"போன முகாம்ல பேர் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் மைக்கை வாங்கினேன். ரெண்டு வார்த்தை பேசினேன். வரவேற்புரைன்னு ஒண்ணு வேணும்ல?"

"ரெண்டு வார்த்தை."

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

"கூட்டம் எங்க நின்னுச்சு?"

"வெயில்லதான். தூரத்து ஊர்க்காரங்களை முதல்ல பார்க்கணும்னு டீச்சர் ஒரு லிஸ்ட் போட்டிருந்தாங்க. அதை நான் கொஞ்சம் மாத்தினேன். வழக்கமா நம்ம செய்யிற மாதிரி, உள்ளூர்க்காரங்க முதல்ல."

"ம்."

"அதுக்குப்பிறகு நான் சும்மா இல்லை. வீடு வீடாப் போனேன். பொன்னாடை போர்த்துறேன்னேன். ஷீல்டு தர்றேன்னேன். டீச்சரைத் துணைத்தலைவர் ஆக்குறேன்னேன். ஒருத்தரும் வரலை. இந்தக் காலத்து ஆளுங்களுக்குச் சேவை மனசே இல்லை, சூசை. நம்ம காலத்துல இப்படியா?"

"நம்ம காலத்துல வருஷா வருஷம் தலைவர் மாறுவார்."

பாலகுருசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

ஜூன் முடிந்தால் புதுத் தலைவர் வருவார் என்பது மன்றத்தின் வழக்கம். பதினோரு ஆண்டுகளாக அது நடக்கவில்லை.

"யாரும் முன்வரலையேப்பா. தலைவரே தொடர்வதுன்னு ஒருமனதா முடிவு பண்றாங்க. நான் என்ன செய்ய?"

"அந்த ஒரு மனசு யாரோடது?"

ஒருவர் கூண்டுக்குள் தலையை நீட்டினார். "மதுரை பஸ் போயிருச்சா?"

"இப்பத்தான் திரும்புது. ஓடுங்க."

அவர் ஓடினார்.

சூசை கூண்டின் உள்சுவரைக் கையால் காட்டினார். அங்கே ஒரு பழைய படம் கண்ணாடிக்குள் இருந்தது.

"அந்தப் படத்துல என்ன இருக்குன்னு எல்லாரும் சொல்லியிருக்காங்க. நீங்க சொன்னதில்லை. சொல்லுங்க."

பாலகுருசாமி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அவர் குரல் இறங்கியது.

"வெள்ளைக் கோல் தினம். மெயின் ரோட்டைத் தாண்டுறோம். நான், பரமானந்தம், காதர் அண்ணன், ஆரம்பிச்ச அஞ்சு பேரும் இருக்கோம். எனக்கு முடி இருக்கு. உனக்கு மீசை கருகருன்னு இருக்கு. நான் உன் மணிக்கட்டைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். பரமானந்தம் என்னமோ சொல்லிச் சிரிக்கிறான். என்ன சொன்னான்னு ஞாபகம் வரலை, சூசை."

"படம் எடுக்கிறவர்கிட்ட, தலைவர் வழுக்கையாகிறதுக்குள்ள சீக்கிரம் எடுய்யான்னார்."

பாலகுருசாமி சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த மாதிரி நாள் இனி வருமா?"

"எல்லா வருஷமும் வந்துச்சே. அக்டோபர் பதினஞ்சு. ரோட்டைத் தாண்டுவோம், படம் எடுப்பீங்க, கைதட்டுவீங்க. அப்புறம் என்னை அந்தப் பக்கமே விட்டுட்டுப் போயிடுவீங்க. என் பூத் இந்தப் பக்கம்."

"அய்யய்யோ. நிஜமாவா?"

"முதல் வருஷம் ஒன்றரை மணி நேரம் அங்க நின்னேன். ரெண்டாவது வருஷத்துல இருந்து நானே வந்துட்டேன்."

சூசை எழுந்தார். கூண்டின் பலகையை இறக்கிப் பூட்டினார். மடக்குக் கோலை உதறி நீட்டினார்.

"டீ குடிக்கப் போகலாம். அந்தத் துண்டைக் கண்ணுல கட்டுங்க."

"எதுக்கு?"

"வழி கேட்டீங்கல்ல?"

பாலகுருசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் கட்டிக்கொண்டார்.

டீக்கடை வடக்கு மூலையில். சூசைக்கு அது அறுபத்திரண்டு எட்டு.

முதலில் அவர் பாலகுருசாமியின் மணிக்கட்டைப் பற்றினார். இறுக்கமாக. பிறகு விறுவிறுவென நடந்தார்.

"மெதுவா! ஏய், மெதுவாய்யா!"

"வாங்க தலைவரே. இதோ வந்தாச்சு. படி ஒண்ணு வரும். நல்ல படி. மன்றம் கட்டினது."

கால் படியில் இடித்தது. பாலகுருசாமி முன்னால் சாய்ந்தார். சூசை மணிக்கட்டை விடாமல் இழுத்து நிமிர்த்தினார். மேலே ஏறியதும் முழங்கால் ஒரு பெஞ்சில் மோதியது. செருப்பு ஒன்று கழன்றது.

வெள்ளரிக்காய் விற்கிற பேச்சியம்மாள் கூவினாள். "ஏ பூத்து! தலைவரை எங்க தரதரன்னு இழுத்துட்டுப் போற?"

"முகாமுக்கு, அக்கா."

நாலு பேர் சிரித்தார்கள்.

பாலகுருசாமி கையை உதறி விடுவித்துக்கொண்டார். "போதும்! உன் டீயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஒரு மனுஷனை இப்படியா கூட்டிட்டுப் போவாங்க?"

"படத்தைப் பார்த்துத்தான் செஞ்சேன். சரியா வரலையா?"

பாலகுருசாமி அப்படியே நின்றார்.

பேச்சியம்மாள் எழுந்து வந்து செருப்பை அவர் காலடியில் தள்ளிவிட்டுப் போனாள். அவர் தடவி மாட்டிக்கொண்டார். துண்டை அவிழ்க்கவில்லை.

சூசை அவருக்கு அரை அடி முன்னால் போய் நின்றார். இடது கையை மடக்கி, முழங்கையைப் பின்பக்கம் லேசாக நீட்டினார். அது பாலகுருசாமியின் விலாவில் பட்டது.

அங்கேயே காத்திருந்தது.

சற்று நேரம் கழித்து பாலகுருசாமி அந்த முழங்கையைப் பிடித்தார்.

நடந்தார்கள். விருதுநகர் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்து போனது. டீசல் வாடை வந்தது, பிறகு வறுத்த கடலை வாடை. யாரோ ஒரு பெண் மூட்டையை இறக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் முழங்கை நின்றது. அவரும் நின்றார். முழங்கை கொஞ்சம் உயர்ந்தது. அவர் காலைத் தூக்கினார். படி இருந்தது.

பிறகு ஒரு படி இறக்கம். பிறகு சமதளம். பாய்லர் சூடு முகத்தில் பட்டது.

"ரெண்டு டீ. ஒண்ணு சீனி கம்மி," என்றார் சூசை.

பாலகுருசாமி துண்டை அவிழ்த்தார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தெற்கு மூலையில் மஞ்சள் கூண்டு சின்னதாகத் தெரிந்தது.

"முதல் தடவை படி வருது, படி வருதுன்னு சொன்ன. தடுக்கி விழப் பார்த்தேன். இப்ப நீ வாயே திறக்கலை. படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் ஏறினேன்."

டீ வந்தது. பாலகுருசாமி கிளாஸைத் தொடவில்லை. மணிக்கட்டில் விரல்கள் பதிந்திருந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷத்துல நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சூசை."

"சொல்லலாம்னுதான் வருவேன். நீங்க மைக்ல இருப்பீங்க."

"சரி. அந்த ஏழு பேரை எப்படித் திரும்பக் கொண்டுவர்றது? அதை மட்டும் சொல்லு."

"டீ ஆறுது, தலைவரே."

அன்று சாயங்காலம் பாலகுருசாமி மெஹருன்னிசா டீச்சர் வீட்டுக்குப் போனார். பொன்னாடை எடுத்துப் போகவில்லை. டீச்சர் ஐந்தாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"வாங்க சார். துணைத்தலைவர் பதவின்னா எனக்கு வேண்டாம். அன்னைக்கே சொல்லிட்டேன்."

"அதுக்கு வரலை டீச்சர். ஞாயித்துக்கிழமை நான் எங்க நிக்கணும்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

டீச்சரின் சிவப்புப் பேனா நின்றது.

"லிஸ்ட் யார் போடுவா?"

"நீங்க."

"மைக்?"

"உங்ககிட்டத்தான்."

"வரவேற்புரை?"

அவர் தயங்கினார். அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

"அவங்க நம்மளைப் பார்க்கவா வர்றாங்க?" என்றார் கடைசியில்.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதத் தொடங்கி, பரீட்சைத் தாள் என்பது நினைவுக்கு வந்து, வேறு தாள் எடுத்தார். ஏழு பேரை எழுதினார். அதற்குக் கீழே இன்னும் எட்டுப் பேர். கடைசிப் பெயர் பாலகுருசாமி.

"முகாம் நடக்கிற ஸ்கூல் வாசல்ல மூணு படி இருக்கு சார். அங்க ஆள் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் டீச்சர் ஊர்ப் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். தூரத்து ஊர்கள் முதலில். பதினைந்து பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள்.

படிக்குக் கீழே முதலில் வந்தவர் நென்மேனிப் பக்கத்து விவசாயி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கண்ணிலும் வெண்மை படர்ந்திருந்தது.

பாலகுருசாமியின் கை பழக்கத்தில் அவர் மணிக்கட்டை நோக்கிப் போனது.

பாதியில் நின்றது.

பாலகுருசாமி ஓரடி முன்னால் போய், படியைப் பார்த்துத் திரும்பி நின்றார். கையை மடக்கினார்.

பெரியவர் காற்றில் தடவினார். முழங்கையைப் பிடித்தார். பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அவசரமில்லைப்பா. நீ ஏறு. நான் வாரேன்."